அக்காவின் இடுப்பு

அக்காவின் ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு தப்பாக இருந்தது. திருத்துவதற்குப் பள்ளிச் சான்று கேட்டார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவளுக்குச் சான்று எங்கேயிருந்து வரும் என்று அவள் சிரித்தாள். கொடைரோட்டில் அவள் படித்த பள்ளிக்கு நான்தான் போனேன். தலைமையாசிரியை பீரோவின் அடித்தட்டைக் கிளறி, ஓரம் செல்லரித்த சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்காவின் பெயர் இருந்தது. பிறந்த தேதி இருந்தது. 1979இல் பெயர் நீக்கப்பட்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் நீல மையில் மூன்று சொற்கள்: ‘நீண்ட நாள் வராமை.’

1978 ஐப்பசியில் நான் பிறந்தேன். அந்த நீண்ட நாள் நான்தான்.

அம்மா நாற்பதாம் நாளே மல்லிகைக் காட்டுக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் பக்கத்தில் மல்லிகை மொட்டை விடிவதற்கு முன்னாலேயே பறிக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை விழுந்துவிடும். பூ முடிந்து வந்து கஞ்சி குடித்துவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்புவாள். அப்பா லாரியில் கிளீனர். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எட்டு வயது அக்காவின் இடது இடுப்பில் என்னை ஏற்றிவிட்டு அம்மா போனாள். 1982இல் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சத்துணவோடு பால்வாடி திறந்தபோது நான் இறங்கினேன். என்னைப் பால்வாடியில் கொண்டுபோய் விட்ட அன்றைக்கு அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை என்கிறாள்.

நான் முனைவர் பட்டம் வாங்கியது பிள்ளைத்தமிழில். குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை அதன் அசைவுகளைப் பருவம் பருவமாகப் பார்க்கிற இலக்கியம் அது. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வரும் வருகை. குழந்தையை இத்தனை நுட்பமாகக் கவனித்த மரபில், அந்தக் குழந்தையை யார் தூக்கி வைத்திருந்தது என்று நான் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த இரவில் அது உறுத்தியது. எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளை வளர்ப்பு எப்போது, யாரால் பொது விஷயமாகியது என்று தேடத் தொடங்கினேன்.

தேடலின் முதல் இழை எங்கள் ஸ்டேஷனிலேயே கிடைத்தது. கொடைக்கானல் ரோடு என்று பெயர்ப் பலகை இருந்தாலும் இங்கிருந்து மலைக்கு எண்பது கிலோமீட்டர். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் ‘எதிரி நாட்டவர்’ ஆனார். மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு சில காலம் காவலில் வைத்தது. போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை மாண்டிசோரி கொடைக்கானலில் கழித்தார். வெவ்வேறு வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்து ஒரு சிறிய பள்ளி நடத்தினார். பெரிய குழந்தைகளுக்கான அவருடைய கல்விமுறை பெரும்பாலும் உருவானது அந்த மலையில்தான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இன்று திண்டுக்கல் சாலையில் ‘மாண்டிசோரி’ என்று பலகை வைத்த பள்ளிக்கு வேன் கட்டணமே என் அக்காவின் மாதக் கூலியில் பாதி. ஆனால் மாண்டிசோரி என்ற மருத்துவர் 1907 ஜனவரியில் ரோமில் தொடங்கிய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் மாடிப்படியில் அலைந்து சுவரைக் கீறிக் கெடுக்கிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் அலுத்துக்கொண்டு ஒதுக்கிய அறை. உலகம் புகழும் அந்தக் கல்விமுறை, கூலிக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்தில் பிறந்தது. கல்வி ஒரு பக்கம், பிள்ளை பார்ப்பது ஒரு பக்கம் என்று அவற்றைப் பிரித்தது பின்னால் வந்தவர்கள். முதலாவது காசு உள்ளவர்களுக்குப் போனது. இரண்டாவது அக்காவுக்கு.

இந்தியாவில் அப்படிப் பிரியாமல் பிடித்து வைக்கப் பார்த்தவர் தாராபாய் மோடக். குஜராத்தில் கிஜுபாய் பதேகாவோடு வேலை செய்துவிட்டு, 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற கிராமத்தில் பள்ளி தொடங்கினார். மாண்டிசோரி சாதனங்களுக்குக் கொட்டிக் கொடுக்கக் காசில்லை. கிளிஞ்சல், கூழாங்கல், விதை, ஓலை என்று ஊரில் கிடைத்ததை வைத்துச் செய்தார். அப்படியும் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய முற்றத்துக்கே போனார். முற்றம் என்பதற்கு அங்கே ‘அங்கன்’. அங்கன்வாடி என்ற சொல் அந்த முற்றத்திலிருந்து வந்தது. அவரோடு கடைசிவரை இருந்த அனுதாய் வாக் பதின்மூன்று வயதில் மணமாகி, சில மாதங்களில் கணவரை இழந்த பெண்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால்வாடியில் இருக்கும் ‘பால்’ அந்த மொழிகளில் குழந்தை. தமிழுக்கு வந்தபோது அது குடிக்கிற பாலாகிவிட்டது. பால்பவுடர் கரைத்து ஊற்றிய இடங்களில் அந்தப் பொருள் இன்னும் உறுதிப்பட்டது. நானே கல்லூரிக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்லிலிருந்து குழந்தை போய் வயிறு வந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தமிழில் பாலுக்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா? ஆண்பால், பெண்பால். அந்தப் பொருளில் எடுத்தால் இந்த நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அங்கே சமைத்தவர், கற்பித்தவர், பிள்ளையின் மூக்கைத் துடைத்தவர், மேற்பார்வைக்கு வந்தவர் எல்லோரும் ஒரே பால்.

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் காந்திகிராமம். சின்னாளபட்டிச் சேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும்தான் அந்தப் பக்கத்தை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். 1947இல் அதை நிறுவியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்து மகள். இளம் வயதில் கணவரை இழந்து, அதன் பிறகு டில்லியில் மருத்துவம் படித்து, 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தவர். கஸ்தூரிபா 1944இல் சிறையில் இறந்தபின் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அவர் பெயரில் ஏற்பட்ட அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. அரைகுறையாகப் படித்த கிராமத்துப் பெண்கள், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் சேவிகைகளாகப் பயிற்சி பெற்றார்கள். பிரசவம் பார்க்கவும், சுகாதாரம் சொல்லித் தரவும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் கதையும் சொல்லவும் ஊர்களுக்குப் போனார்கள். சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய் மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். எங்கள் மாவட்டப் பாடநூல் வரலாற்றில் திப்புவின் கோட்டை வருகிற அளவுக்கு அவர் வருவதில்லை.

அனுதாய், சௌந்தரம், பெயர் தெரியாத சேவிகைகள். கல்யாண வீட்டில் முன்னால் வரக் கூடாது என்று நிறுத்தப்பட்ட பெண்கள்தான் இந்த நாட்டின் குழந்தைகளுக்கு முதல் வகுப்பறையைக் கட்டினார்கள். இதைப் பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது. சேவிகை என்ற சொல்லுக்குள் சேவை இருக்கிறது. சேவைக்குச் சம்பளம் பேசினால் அசிங்கம். போக்கிடம் இல்லாத பெண்ணுக்கு ஒரு கௌரவமான இடம் கொடுத்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற குரல் அங்கே தொடங்குகிறது. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்து தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பால்வாடிகளுக்கு மானியம் வந்தபோதும், ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து உட்கார்ந்த டீச்சருக்குக் கிடைத்தது மானியத்தின் ஓரம்தான்.

1972இல் ஓர் அறிக்கை வருகிறது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி மத்திய கல்வி ஆலோசனைக் குழு அமைத்த ஆய்வுக் குழு. தலைவர் மீனா சுவாமிநாதன். தமிழ் வாசகிகள் அவரை வேறு வழியாகவும் அறியலாம். ‘வாசவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகள். அம்மா எழுதிய நாவல் வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் மூச்சுத்திணறலைப் பற்றியது. மகள் எழுதிய அறிக்கை வெளியே வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் பிள்ளைகளைப் பற்றியது. உணவு, உடல்நலம், விளையாட்டு, கற்றல் எல்லாம் ஒரே குழந்தைக்குள் நடக்கிறவை, துறைவாரியாகப் பிரிக்க முடியாதவை என்பது அதன் சாரம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியதற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

திட்டத்தில் ஆறு சேவைகள். கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்து போதனை, முன்பருவக் கல்வி. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்த ஆறில் இல்லை. தாய்க்குப் போதனை உண்டு, நேரம் கிடையாது.

தமிழ்நாட்டில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. அப்போது எங்கள் ஊரும் மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985இல். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் உணவு. அந்த வேலைக்கு எடுக்கப்பட்ட ஊர்ப்பெண்ணுக்கான தகுதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நோஞ்சானாகாமல் வளர்த்தவளாக இருந்தால் நல்லது. அனுபவத்தைத் தகுதியாக ஒப்புக்கொண்ட அரசாணை நான் வேறு பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டது தேர்வுக்கு மட்டும்தான், ஊதியத்துக்கு இல்லை.

பிறகு 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். கிராமப்புறத்தில் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளை வரைக்கும் தினமும் மதியச் சாப்பாடு. இந்தத் திட்டத்தைப் பொருளாதாரக் கிண்டலாகவும் கவர்ச்சி அரசியலாகவும் அன்று நிறைய பேர் எழுதினார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவள் நான். சமையலுக்கும் அமைப்பாளர் வேலைக்கும் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்கள் பால்வாடி டீச்சர் கணவர் விட்டுப்போன பெண். தட்டில் விழும் சாதத்தின் சூடு, புளிச்சோற்றுக்குப் பிறகு வாயில் நிற்கும் கடுகு, மத்தியானம் பாயில் வரிசையாகப் படுக்க வைத்து ஆயா முந்தானையால் விசிறியது, இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. டீச்சர் பாடம் நடத்தினாரா? நடத்தினார். புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லித் தந்தார். தாளத்தோடு சொல் பிரிக்கச் சொல்லித் தந்தார். நான் கவிதை எழுத வந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் பெரிய பெயர்களைச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்தத் தாளம்தான் முதலில் வந்தது.

ஆனாலும் பால்வாடி என்றால் சோறு, 1989க்குப் பிறகு சோறும் முட்டையும் என்றுதான் ஊரில் பேச்சு. கற்பித்தலை யாரும் கேட்கவில்லை. கேட்காததைப் பரிசோதிக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒரு மையத்துக்குள் இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே பாயில். ஒரு டீச்சர், ஒரு ஆயா. குறு மையமாக இருந்தால் டீச்சர் மட்டும். எடை, உயரம், சத்துமாவு இருப்பு, கர்ப்பிணிகள் கணக்கு எல்லாம் பதிவேட்டிலும் ஏற வேண்டும், செல்போன் செயலியிலும் ஏற வேண்டும். போலியோ சொட்டு மருந்து நாள், வாக்காளர் பட்டியல் வேலை, வட்டாரக் கூட்டம். இவ்வளவுக்கும் நடுவில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ கையேட்டைப் பிரித்து இன்றைய செயல்பாடு என்னவென்று பார்க்க வேண்டும். பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கிட்டே இருப்பேன் மேடம். நரி காட்டுக்குள்ள போயிருக்கும். அதுக்குள்ள போன் வந்துரும். திரும்பி வர்றப்ப நரி எங்கிட்டுப் போச்சுன்னு எனக்கே தெரியாது.”

தரம் என்று பேசும்போது நாம் பாடத்திட்டம், பொம்மை, சுவர்ச் சித்திரம் என்று போகிறோம். தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கார்த்திக் முரளிதரனும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் செய்தது, 2021இல் வெளியானது. சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலை பார்க்கும் இன்னொரு பணியாளரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். மற்ற மையங்கள் இருந்தபடியே. கூடுதல் ஆள் இருந்த இடங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தெளிவாக முன்னேறின. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் உணவையும் எடையையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதையும் அவரால் கவனிக்க முடிந்தது. அதிசயமான மருந்து எதுவுமில்லை. இன்னொரு பெண், அவளுக்குச் சம்பளம்.

அதைப் படித்தபோது எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் வீட்டிலும் அந்த இரண்டாவது ஆள் இருந்தாள்.

மலிவாகக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலருக்குக் குழந்தைக் காப்பகம் என்று அறிவித்தது. தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அவசரத்தில் திறந்த இடங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. சில குழந்தைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் பின்னடைவு தெரிகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெண்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று வாதாட அந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: பயிற்சி பெற்ற, நல்ல சம்பளம் வாங்குகிற, அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கப் போகிற ஆள் இல்லாமல் காப்பகம் இல்லை.

நம்மிடம் அந்த ஆளுக்குக் கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம். என்ன அழகான தமிழ்! மதிப்பும் இருக்கிறது, ஊதியமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே காணாமல் போகிறது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, வாங்குவது பெயருக்குத்தான் மதிப்பூதியம் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று உண்டு; வட மாநிலங்களை ஒப்பிட்டால் மேல்தான். அந்தச் ‘சிறப்பு’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காலமுறை ஊதியம் கொடுங்கள் என்றுதான் அவர்கள் கலெக்டர் அலுவலக வாசலில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். சிறப்பு வேண்டாம் என்று போராடுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம், மாணவிகளுக்குப் பயன்படும். அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு முதலில் பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. எந்த வயதிலிருந்து என்று சொல்லவில்லை. பிறந்த குழந்தையும் அதற்குள் இருந்தது என்று வாதாட இடமிருந்தது. 2002இல் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, பலரும் கொண்டாடினோம். அந்த உரிமை ஆறு வயதிலிருந்துதான். ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் அரசு ‘முயல வேண்டிய’ நெறிமுறைக்குப் போனார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தில் 11ஆம் பிரிவு மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. ‘செய்ய வேண்டும்’ இல்லை, ‘செய்யலாம்’. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த ‘லாம்’ எவ்வளவு பெரிய வாசல் என்று தெரியும். வேண்டுமானால் உள்ளே வரலாம், வேண்டாமானால் வெளியே போகலாம்.

மூன்று வயதுக்குக் கீழே? தமிழ்நாட்டு அங்கன்வாடி இரண்டு வயதில் சேர்க்கும். பிள்ளைத்தமிழ் இருபத்தொன்றாம் மாதத்தில் முடிகிறது. பிள்ளைத்தமிழ் முடிந்த பிறகுதான் அரசு தொடங்குகிறது. செங்கீரை ஆடுவதையும் சப்பாணி கொட்டுவதையும் யாராவது வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்தில் காப்பகங்கள் இல்லாமல் இல்லை. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனை நூற்பாலைகள்! பல ஆலைகள் ஒரு காலத்தில் கல்யாணமாகாத பெண்களாகப் பார்த்து விடுதியில் தங்கவைத்து, மூன்று வருட முடிவில் தாலிக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கின. ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்குப் பெயர். அதன் மற்றக் கொடுமைகள் நிறைய எழுதப்பட்டுவிட்டன. காப்பகக் கணக்கிலும் அது சாமர்த்தியம்: தாய்மார்களே இல்லாத ஆலையில் பிள்ளை ஏது? நூறு நாள் வேலையில் ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று விதி இருந்தது. எங்கள் கண்மாய்க் கரையில் நான் பார்த்தது வேலமரக் கிளையில் தொங்கிய சேலைத் தூளிகள். பூக்காட்டுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் எந்த விதியும் பொருந்தாது. அங்கன்வாடி திறப்பதற்குள் அம்மாக்களின் முதல் வேலை முடிந்திருக்கும்.

படித்தவள் என்ன செய்தேன் என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நாணயமில்லாதது.

என் மகள் பிறந்தபோது நான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். பேறுகால விடுப்பு முடிந்தது. காப்பகம் பற்றிக் கேட்டபோது நிர்வாகத்தில் ஒருவர், “வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா மேடம்?” என்றார். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று பேறுகாலப் பயன் சட்டம் திருத்தப்பட்டது 2017இல். என் மகள் அதற்குள் வளர்ந்துவிட்டாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவைப் பிள்ளை பார்க்க அமர்த்தினேன். என் மகளை அவ்வளவு பொறுமையாக வளர்த்தவர். அவர் பாடிய தாலாட்டைக் குறித்து வைத்து நாட்டார் வழக்காற்றியல் கருத்தரங்கில் கட்டுரைகூட வாசித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வேலைநாளில், முன்பணம் வாங்கிவரச் சொன்னதாக அவருடைய மூத்த மகள் வாசலில் வந்து நின்றாள். பத்து வயது இருக்கும். இடது இடுப்பில் தம்பி.

“இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா பாப்பா?” என்று கேட்டேன்.

“அம்மா இங்க வந்துருச்சுல்ல” என்றாள். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்து நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டினேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்; சில நாள் வந்தான். வேலையை நிறுத்திவிட்டுப் போங்கள், உங்கள் மகள் படிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் நின்றால் நான் நிற்க வேண்டும். அந்தச் சிறுமி எந்த வகுப்போடு நின்றாள் என்று பிறகு கேட்கவும் இல்லை. எங்கேயாவது ஒரு பதிவேட்டில் அவளுக்கும் ஒரு காரணம் எழுதியிருப்பார்கள்.

குழந்தைப் பராமரிப்புக்கு மானியம் என்று பட்ஜெட்டில் வரும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த இரண்டு இடுப்புகள்தான் தெரிகின்றன. எங்கள் பக்கத்தில் மானியம் அரசு கண்டுபிடித்தது இல்லை. பூ மார்க்கெட்டுக்கும் திராட்சை வியாபாரத்துக்கும் கல்லூரிக்கும் எட்டு வயதிலும் பத்து வயதிலும் பெண் பிள்ளைகள் கொடுத்துவந்தது அது. ஆண் பிள்ளை இடுப்பில் தம்பி தங்கச்சி ஏறுவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது சந்தோஷப்பட்டேன். அக்காவும் தங்கையும் ஒரே கேட்டுக்குள் போகலாம், யாரும் யாரையும் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த வகுப்புகளுக்கும் பிறகு தற்காலிக ஆசிரியைகள்தான் வந்தார்கள், தொகுப்பூதியத்தில்.

பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது மாலை ஆகியிருந்தது. மருமகள் மில் ஷிப்டுக்குப் போயிருந்தாள். பேத்திக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடியில் சேர்க்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகலை வாசித்துக் காட்டினேன். காரணம் என்ற கட்டம் வந்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் வாசித்தேன்.

“நீண்ட நாள்னா எத்தனை நாளாம்?” என்றாள். “நாலு வருசம்னு எழுதச் சொல்லு.”

பிறகு பேத்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்: “பொறந்த தேதி சரியா இருக்குல்லடி? அது போதும்.”